கழிப்பறைக்கு வந்த இருநூற்றுப் பதினொரு கருத்துகள்

மேல் பிரிவு,
நெல்லிமலைத் தோட்டம்,
அப்புத்தளை வழி.
ஞாயிற்றுக்கிழமை

மொனராகலையில் கடை நடத்தும் என் மரியாதைக்குரிய மச்சான் வீரய்யா அவர்களுக்கு,

உங்கள் தங்கை கனகத்தின் வீட்டுக்காரன் தங்கராஜா கைகூப்பி எழுதுவது. உங்கள் ஊர் வெயிலில் நீங்களும் குடும்பத்தாரும் வாடாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதலாமா என்று கனகத்தைக் கேட்டேன். "முழங்காலத் தவிர மத்ததெல்லாம் சொகம்னு எழுதுங்க" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன்.

போன வாரம் நீங்கள் போனில், "கக்கூஸ் கட்டி முடிஞ்சிச்சா மாப்ள?" என்று கேட்டபோது சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன். கடைக்குப் பின்னால் சாமான் அறை கட்ட நீங்களும் அனுமதி கேட்கப்போவதாகச் சொன்னீர்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கழிப்பறைக்கு முப்பத்தெட்டுப் படி இறங்க வேண்டும். ஐப்பசி மழையில் கனகம் பதினோராவது படியில் வழுக்கி இருபதாவது படியில் உட்கார்ந்தாள். இனிமேல் படியே ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். படி ஏறாமல் இந்தத் தோட்டத்தில் சாப்பிடலாம், தூங்கலாம், மற்றது முடியாது. அதனால் வீட்டோடு சேர்த்துச் சின்னதாக ஒரு கழிப்பறை கட்ட முடிவுசெய்தோம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் சம்மதக் கடிதம் கொடுத்தார். முப்பத்தொரு வருடம் இந்தத் தோட்டத்தின் தபால் பையைச் சுமந்தவன் நான். எந்தக் கடுதாசி எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பிரதேச சபைக்குப் போனால், கட்டட விண்ணப்பம் வாங்கும் மேசையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு கணினித் திரை நின்றது.

அங்கே வேலை பார்க்கும் ஸனூஸ் தம்பி விளக்கினார். இனிமேல் கோப்பு மேசைக்கு மேசை போகாதாம். சபை, சுகாதாரப் பரிசோதகர், துரை, மண்சரிவு பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தைத் தங்கள் தங்கள் இடத்திலிருந்தே திறந்து எழுதுவார்களாம். பொதுமக்களும் எழுதலாமாம். எல்லோரும் எழுதியதைத் தொகுத்து யோசனை சொல்ல 'சபைத் தோழன்' என்று ஒரு செயற்கை நுண்ணறிவு.

"நீங்க எழுதத் தேவல்ல ஐயா. சும்மா பேசுங்க. அதுக்குத் தமிழ் நல்லா வெளங்கும்" என்றார்.

நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நின்று, "வணக்கமுங்க. நாங்க மேல் பிரிவு லயத்துல இருக்கோம். லயத்துக்குப் பின்னால சின்னதா ஒரு கக்கூஸ் கட்டிக்கணும். சம்சாரத்துக்கு முழங்கால் ஏலாது" என்றேன். "தங்கள் துணைவியார் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்" என்றது. நான் கும்பிட்டேன். மண்சரிவு அபாயம் இல்லை என்று வரைபடம் பார்த்து ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டது. முன்பு இதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போகும். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் இதைச் சொன்னேன்.

நான்காம் நாள் செய்தி வந்தது. 'மேல் பிரிவு ஆலயத்தின் பின்புறம் கழிப்பறை அமைக்கும் தங்கள் விண்ணப்பம் பொதுமக்கள் கருத்துக்காகத் திறக்கப்பட்டுள்ளது' என்றது. அரசாங்கத் தமிழ் அல்லவா, மரியாதைக்காக ஓர் 'ஆ' சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் இருபது கருத்துகள், சாயங்காலம் எண்பது, வாரக்கடைசியில் இருநூற்றுப் பதினொன்று. கோயிலுக்குப் பின்னால் கக்கூஸ் கட்டும் பாவி யார் என்று ஒருவர். எந்தச் சாமி என்று ஒருவர். கனடாவிலிருந்து ஒருவர் மணி வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். தான் கோயிலுக்கு நிலமே கொடுக்கவில்லை என்று துரை எழுதினார். திருவிழாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சுகாதாரப் பரிசோதகர் கேட்டார். மனிதர்கள் கேட்பதோடு நிறுத்திக்கொண்டார்கள் மச்சான். சபைத் தோழன்தான் பதில் சொன்னது. லயத்துக்குப் பன்னிரண்டு வாசல் என்று தோட்டத்துப் பதிவில் இருந்திருக்கிறது, அதைப் பன்னிரண்டு சந்நிதி ஆக்கியது. கட்டிய வருடமும் பதிவில் இருக்க, நூற்று முப்பது ஆண்டு பழமையான ஆலயம் என்று எழுதி, ஆகையால் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, பக்தர்களுக்கு நூறு மீற்றர் தள்ளிப் பன்னிரண்டு கழிப்பறைகளும் வாகனத் தரிப்பிடமும் அமைக்கலாம் என்று யோசனை சொன்னது. ஒழுகும் கூரைக்குத் தகரம் மாற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சிவராசாவை இதனால் நிறுத்திவிட்டார்கள். அவர் ஏணியிலிருந்து இறங்கி நேரே என்னோடு சண்டைக்கு வந்தார்.

அடுத்த வாரம் சபையின் தொழில்நுட்ப அலுவலர் வதனி மிஸ் நேரில் பார்க்க மலை ஏறி வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. லயத்து முனையிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சேற்றிலும் அட்டையிலும் வெறுங்காலோடு பக்தியாக நடந்து வந்தார்.

"ஐயா, கோயில் எங்க இருக்குது?"

"கோயிலா? அது கீழ் பிரிவுல இருக்குங்க மிஸ். இது லயமுங்க."

தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு கைப்போனை என் வாய்க்கு நேரே பிடித்து, "இதுக்குள்ள ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றார்.

"லயம்" என்றேன். திரையில் 'ஆலயம்' என்று வந்தது. கத்திச் சொன்னேன். ஆலயம்தான். மெதுவாகச் சொன்னேன். அதற்கும் ஆலயம்தான்.

"இதுக்கு லயம் எண்ட சொல்லே ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை ஐயா" என்றார் வதனி மிஸ். அவர் முகம் வாடிவிட்டது. "நாங்களாவது பாத்திருக்க வேணும்."

எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் இருப்பது அதில்தான். அதை நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. கனகம் அவர் காலில் இருந்த அட்டைகளுக்கு உப்பு வைத்து, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

பிழை தெரிந்துவிட்டது, முடிந்தது என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. பக்கத்திலிருந்து ஆலயத்தை எடுக்க வேண்டுமானால் அதில் எழுதிய அத்தனை பேரும் ஒப்ப வேண்டுமாம், பழமையான ஆலயம் என்பதால் அதற்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்க வேண்டுமாம். கேட்டார்கள். 'கோயிலை அகற்ற விடமாட்டோம்' என்று இதுவரை அறுபது பேர் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே மச்சான், நான் தீர்மானித்துவிட்டேன். விண்ணப்பத்தை நாளைக்கே வாபஸ் வாங்கப்போகிறேன். கனகத்தை ஹாலிஎலையில் மகள் மேனுஷா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கே வீட்டுக்குள்ளேயே கழிப்பறை உண்டு. நான் இங்கே தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொள்வேன். முப்பத்தொன்பது வருடத்தில் நாங்கள் பிரிந்து இருந்ததில்லை. இதைச் சொன்னபோது கனகம் ஒன்றும் பேசாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பாத்திரத்தை வைத்த சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. சபைத் தலைவருக்கு நான்கு பக்கத்தில் ஒரு கண்டனக் கடிதமும் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்றோடு ஆறாவது நாள். நீங்கள் தைப்பொங்கலுக்கு வர வேண்டாம், வந்தாலும் பொங்கல் வைக்க வீட்டில் ஆள் இல்லை. உங்கள் சாமான் அறைக்கு எந்தத் திரை முன்னாலும் போய் நிற்காதீர்கள். காகிதத்தில் எழுதி, கையால் ஒரு மனிதனிடம் கொடுங்கள்.

கடையும் குடும்பமும் குறைவில்லாமல் நடக்கட்டும். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்குரிய
க. தங்கராஜா

பி.கு.: உறையில் போடுமுன் கனகம் இதை வாங்கி முழுதாகப் படித்தாள். படித்துவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். கழிப்பறை கட்ட அனுமதி. அவள் பெயரில். வெள்ளிக்கிழமை திகதி. போன திங்கட்கிழமை மருந்து எடுக்கப் போகிறேன் என்று த்ரீவீலில் போனவள் சபை வாசலில் இறங்கியிருக்கிறாள். ஸனூஸ் தம்பி நாற்காலி போட்டு அந்தத் திரைக்கு முன்னால் உட்காரவைத்திருக்கிறார்.

"நீ என்னா சொன்ன?" என்றேன்.

"எங்க வீட்டோட சேத்து ஒரு கக்கூஸ் வேணும்னேன். வேறென்னத்தச் சொல்றது? அது எங்க வீடுதானே?"

வீடு என்றால் அதற்கு விளங்குகிறது மச்சான். வீட்டு வேலைக்குப் பொதுமக்கள் கருத்துத் தேவையில்லை என்று புதுப் பக்கம் திறந்து, வதனி மிஸ், பரிசோதகர், துரை மூவரும் நான்கே நாளில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க தலைவருக்கு எழுதிக்கிட்டு இருந்தீங்க. சந்தோசமா இருந்தீங்க, ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்கிறாள். ஹாலிஎலைக்குப் போக மாட்டாளாம்.

இவ்வளவு எழுதிவிட்டதால் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். பொங்கலுக்குக் கட்டாயம் வாருங்கள், இரண்டு நாள் முன்னதாகவே வாருங்கள். கொத்தனார் நாளைக்கு வருகிறார், கல் சுமக்க ஆள் போதாது. பழைய சட்டை ஒன்று கொண்டுவரவும்.