முற்றுப்புள்ளிக்கு அரைப்புள்ளி

வாழி யூலிற்றா! முல்லைத்தீவுக் கரையின் உப்புக்காற்றில் பின்னல் அவிழ நடப்பவளே, கரைவலை இழுக்கும் குலத்தில் உதித்துக் கட்டுரை எழுதும் குலத்துக்குத் தாவியவளே, பனி என்ற ஒன்றை ஐஸ்பழத்திலன்றி வேறெங்கும் கண்டிராமலே மொழிபெயர்ப்பு நாவல்களின் பனிவெளிகளில் சறுக்குவண்டி ஓட்டித் திரிந்தவளே, பதினோராந் தரத்தின் பேனாமுனைப் பெருவீராங்கனையே! உன் புகழ் பாடப் புகும் இந்த எளிய உரைநடைக்குக் காற்புள்ளித் தேவியும் முக்காற்புள்ளித் தேவனும் வழிவிட்டு நிற்கட்டும். வியப்புக்குறி வேல் பிடித்துக் காக்கட்டும். வினாக்குறி மட்டும் சற்றே எட்ட நிற்கட்டும். இந்தக் காவியத்தில் அழிவு அதன் வடிவிலேதான் வரப்போகிறது.

நாட்டின் பெரும்போருக்கு இடப்பட்டது முற்றுப்புள்ளியா, வெறும் காற்புள்ளியா என்று பெரியவர்கள் தேநீர்க்கடை வாங்குப் பலகைகளில் இருந்து வாதாடிக் களைத்திருந்த காலம் அது. போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் வெள்ளை வாகனங்களில் பவனி வந்து, துவக்குகள் உறங்குகின்றனவா என்று எட்டிப் பார்த்துப் போனார்கள். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தின் தகரக்கூரையின் கீழ், ஒரேயொரு முற்றுப்புள்ளிக்காக மூண்ட போரைக் கண்காணிக்க எந்த நாட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை.

போரின் காரணம் இது. கிளிநொச்சியில் நடக்கும் ஆங்கில தினப் போட்டிக்குப் பள்ளிக்கூடம் ஒருவரை அனுப்பலாம். போகிற வான் வண்டியில் மாணவருக்கென்று இருந்தது ஓர் ஆசனம். மற்றவர்கள் அந்த ஆசனத்தில் பரிசைக் கண்டார்கள், பயணத்தைக் கண்டார்கள், ஒருநாள் வீட்டுப்பாடமின்மையைக் கண்டார்கள். யூலிற்றா கண்டது ஒரு மனிதனின் உயிரை. பள்ளி நூலகத்து அலுமாரியில் தடித்த மொழிபெயர்ப்பு நாவலொன்றின் முதற்பாகம் மட்டும் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், உறைந்த ஆற்றங்கரையில், இளம் படையதிகாரி ஒருவன் துப்பாக்கியை உயர்த்தி நிற்கிறான். எதிரே நிற்பவன் அவனுடைய சொந்தத் தமையன். சுட்டானா, செத்தானா, மன்னித்தானா? வாடைக்காற்று ஓய்ந்து சோளகக்காற்று வீசத் தொடங்கியும் அவன் கை இறங்கவேயில்லை. இரண்டாம் பாகம் கிளிநொச்சிப் புத்தகக்கடை ஒன்றில் இருக்கக்கூடும் என்று பக்கத்து மேசைத் தோழி டக்சாயினி சொல்லியிருந்தாள். யூலிற்றா போனால்தான் அவனுக்கு விடிவு.

அவளுக்கு எதிரே நின்றான் கொன்ஸ்ரன்ரைன்: பேரரசர்களின் பெயரைச் சுமந்தவன், பேனாவை ஈட்டியாய்ப் பிடிப்பவன், தான் வைக்கும் முற்றுப்புள்ளி தாளைத் துளைத்துச் சென்று மறுபக்கத்து வாக்கியத்தையும் பாதியில் முடித்துவைக்கும் வன்மையுடையவன்.

தெரிவுப் பரீட்சை நடந்தது. உவமையை உவமை என்றும் உருவகத்தை உருவகம் என்றும் இருவரும் ஒருவருக்கொருவர் சளைக்காமல் இனங்கண்டார்கள். காற்புள்ளிகளைக் காலாட்படையாகவும் மேற்கோட்குறிகளைக் குதிரைப்படையாகவும் நிறுத்தி அடித்தார்கள். விடைத்தாள் திரும்பி வந்தபோது யூலிற்றா கால் புள்ளியால் பின்தங்கியிருந்தாள். பரீட்சையில் வாங்குவதும் புள்ளி, வாக்கியத்தை முடிப்பதும் புள்ளி என்றிருக்கும் அந்த நாட்டில், ஒரு புள்ளி இல்லையென்று அரைப் புள்ளி வெட்டப்பட்டிருந்தது! கடல் என் அப்பாவின் கந்தோர் என்று, ‘ஒஃபிஸ்’ என்ற சொல்லைப் போட்டு ஆங்கிலத்தில் அவள் எழுதிய கடைசி வாக்கியத்தின் உருவகத்துக்குச் சரி கிடைத்தது. அதன் முடிவில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம் இரத்தக்குளமாய்த் தேங்கி நின்றது. புள்ளியை அவள் வைத்துத்தான் இருந்தாள். ஆனால் அந்தத் தாளோ சாம்பல் நிறத்தில், உமித்தூளும் வைக்கோல் துணுக்கும் ஒட்டி, பிறக்கும்போதே உடம்பெல்லாம் புள்ளிகளோடு பிறந்த தாள்.

காயம்பட்ட பெண்புலியெனக் கதிரையைத் தள்ளி எழுந்தாள் யூலிற்றா. “ரீச்சர், நான் முற்றுப்புள்ளிக் குத்து வைச்சனான்!”

சிவப்புப் பேனாவின் பேரரசி, காற்புள்ளியின் வாலையும் அளந்து தண்டிக்கும் நேசமலர் ரீச்சர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“எது பிள்ளை, இதோ? இது கடதாசியின்ர ஊத்தையெல்லே.”

“கடதாசி வைச்ச புள்ளிக்கும் புள்ளி குடுக்கிறதெண்டா, எனக்கு நூறுக்கு மேல வரும் ரீச்சர்!” என்று கடைசி வாங்குப் பலகையிலிருந்து முழங்கினான் கொன்ஸ்ரன்ரைன். அவன் படை மேசைகளை அறைந்து ஆர்ப்பரித்தது.

“உனக்கென்னத்துக்குப் புள்ளி? நீ வைக்கிறது ஓட்டையெல்லோ!” என்று திருப்பி எறிந்தாள் யூலிற்றா.

இவ்வாறு சொல்லம்புகள் பறந்து, தகரக்கூரை அதிர்ந்து, முகட்டில் இருந்த காகம் தூதுசெல்லவும் மறந்து ஓடிய வேளையில், டக்சாயினி எழுந்து ஒரு பேராயுதத்தை எடுத்து நீட்டினாள். “தாளைத் திருப்பித் தடவிப் பாருங்கோ ரீச்சர். பேனையால வைச்ச குத்தெண்டால் பின்னால முட்டும்.”

நேசமலர் ரீச்சர் தாளைத் திருப்பினார், கண்களை மூடினார், சுண்ணக்கட்டித் தூள் படிந்த சுட்டுவிரலை, நாடிபிடிக்கும் வைத்தியரைப் போல, தாளின் முதுகில் மெல்ல ஓடவிட்டார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“முட்டுது போலதான் கிடக்கு,” என்றார்.

ஆகா! உறைந்த ஆற்றங்கரையில் அதிகாரியின் கை மெல்ல இறங்கத் தொடங்கியதை யூலிற்றா கண்டாள். வானின் யன்னலோர ஆசனம் அவளை வா வா என்றது. ஆனால் நேசமலர் ரீச்சர் முறை தவறாதவர்.

“வகுப்புச் சட்டம் தெரியும்தானே? முறைப்பாடெண்டாலும் இங்கிலீசிலதான். ஒரு கேள்வி கேக்கிறன், மறுமொழி சொல்லும், அரைப் புள்ளியைத் தந்துவிடுறன்.” நிமிர்ந்து நின்று கேட்டார்: “டிடின்ற் யூ புற் எ ஃபுல் ஸ்ரொப்?”

முற்றுப்புள்ளி நீ வைக்கவில்லையா என்பதே அந்தக் கேள்வி. சாப்பிடேல்லையோ என்று கேட்டால், சாப்பிட்டு ஏப்பம் விட்டவரும் “இல்லை, சாப்பிட்டனான்” என்று கேட்டவரின் நினைப்பை மறுக்கிற கரையில் பிறந்தவள் யூலிற்றா. தான் வைத்த புள்ளியின் உண்மையனைத்தையும், தகப்பனின் கந்தோரில் எழும் அலையனைத்தையும், அந்தரத்தில் நின்ற அதிகாரியின் உயிரையும் ஒருங்கே திரட்டி, வகுப்பு கிடுகிடுக்க அவள் முழங்கினாள்:

“நோ, ரீச்சர்!”

அந்தோ! வைக்கேல்லை என்று ஆங்கிலத்தில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். வாய்மையே அவளைக் காட்டிக்கொடுத்தது.

“நோ எண்டா வைக்கேல்லை எண்டுதான் அர்த்தம், பிள்ளை. போன கிழமைதான் படிப்பிச்சனான்.”

“ஐயோ ரீச்சர், நான் இல்லையெண்டது, நீங்கள் நினைச்சது இல்லையெண்டு!”

“தமிழ் கதைக்கக்கூடாது.”

நேசமலர் ரீச்சருக்கா விளங்கவில்லை? அன்று காலைதான், “இறங்கேல்லையோ ரீச்சர்?” என்று கேட்ட பஸ் கொண்டக்டருக்கு “இல்லை, இறங்கிறன்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தவர் அவர். ஆனால் இலக்கணம் செங்கோலேந்தி அமர்ந்த இடத்தில் விளக்கத்துக்கு வேலையில்லை. சிவப்பு வட்டம் அழியாமல் நின்றது. ஆசனம் கொன்ஸ்ரன்ரைனுக்குப் போயிற்று.

வான் புறப்படும் காலையில், தோற்ற படையின் தலைவி வென்றவனின் யன்னலடிக்கு வந்தாள். மானத்தை விழுங்கி, புத்தகத்தின் பெயரெழுதிய துண்டை நீட்டினாள்.

“டேய், இதின்ர இரண்டாம் பாகம் கடையில கிடந்தா வாங்கிக்கொண்டு வா.”

“என்ர புள்ளியை ஓட்டையெண்டனியெல்லோ?”

“அது உருவகமடா.”

அவன் துண்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

பரந்தன் வீதியின் பள்ளங்களில் அந்த வான் எத்தனை முறை துள்ளியதோ அத்தனை முறையும் நெஞ்சு துள்ள, வெயில் சாய்ந்து, தோணிகள் கரையேறி, கோயில் மணி அடித்து ஓயும்வரை பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து, பனிப்படலம் போல் எழுந்த செம்மண் புழுதியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்ற வானை நோக்கி, தமையனைக் குறிவைத்து மரத்துப்போன ஒரு கை இனியாவது இறங்குமென்ற நம்பிக்கையோடு பாய்ந்தோடிய யூலிற்றா, வெறுங்கையோடு இறங்கிய கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்துக் கேட்டாள்: “இரண்டாம் பாகம் இல்லையோடா?”

“ஓம்,” என்று தமிழிலேயே ஆமோதித்தான்.

கடையில் புத்தகம் இல்லை.