பின்பக்கம் பேசிய போர்வை

உலகப் போர்களை நிறுத்த வல்லது போர்வை ஒன்றே என்பது தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்து 'அகில உலக ஒட்டுப்போர்வைத் தோழமைச் சங்க'த்தின் அசைக்க முடியாத கொள்கை. பதினொரு நாட்டுப் பெண்மணிகள் ஆண்டுக்கொரு முறை இங்கே கூடுவார்கள். துணித்துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வைகளைச் சுவரில் மாட்டி, ஒருவரையொருவர் கட்டித் தழுவி, மாம்பழச் சோறு தின்று கலைவார்கள். இதுவரை எந்தப் போரும் நிற்கவில்லைதான். மாம்பழமும் நின்றதில்லை.

சங்கத்தின் உள்ளூர் உறுப்பினர் புவா, பக்கத்து ஊரான சன் கம்பேங்கில் தையல் கடை வைத்திருப்பவள். உலக சமாதானத்தில் அவளுக்குப் பெரிய அக்கறை கிடையாது. ஆசை ஒன்றே ஒன்று. கண்காட்சியில் போர்வைக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டையில் தன் பெயர் வரவேண்டும். ஒன்பது வருஷமாக 'உள்ளூர் உதவி' என்றுதான் வருகிறது.

போன வருஷம் ஹாலந்து மார்க்ரீத் அம்மையார் புவா வீட்டில் நான்கு நாள் தங்கி நட்பு வளர்த்தார். மகள் கல்யாணத்துக்காகப் புவா தைத்த தாமரைக்குளப் போர்வையைக் கண்டு கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடே நாற்பது படம் எடுத்தார்.

"புவா, ஓரத்துல நெளிஞ்சு நெளிஞ்சு போகுதே, இது என்ன கொடி?"

"கொடி இல்லீங்க, எழுத்து. அதுல என் பேரு..."

"அடடா, அழகு! கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிறே!"

இந்த வருஷம் மார்க்ரீத் கொண்டுவந்த போர்வையின் பெயர் 'என் உள்ளத் தடாகம்'. அதே குளம், அதே பதினேழு தாமரை, அதே கொக்கு, ஓரத்தில் அதே 'கொடி'. புவாவின் கொக்கு இடப்பக்கம் பார்த்தது. இது வலப்பக்கம் பார்த்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அக்கா, அது உன் கொக்குதானே?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி சுமாலி.

"என் கொக்கேதான். ஹாலந்துக்குப் போனதும் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு."

சூட்டில் ஒட்டும் மையால் தாளில் வரைந்த படத்தைத் துணிமேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால் இடம் வலமாக விழும். ஆகவே முதலில் படத்தைத் திருப்பி வரைய வேண்டும். தையல் பழகுகிறவர்களுக்கு முதல் வாரத்துப் பாடம் இது. 'உத்வேகம்' பெற்றவர்களுக்குப் பாடம் எதற்கு?

தலைவி ரச்சனி அம்மையார் அந்தப் போர்வைக்கே முதல் பரிசு அறிவித்தார். வழக்கப்படி, வெள்ளைக் கையுறை போட்ட இருவர் அதைத் திருப்பிப் பின்பக்கத் தையலைச் சபைக்குக் காட்டினார்கள். முன்பக்கம் கொடியாக நெளிந்தது பின்பக்கத்தில் இடம் வலம் மாறி, தாய்லாந்து எழுத்தாகச் சுத்தமாக நின்றது. சுமாலி எழுந்து உரக்கப் படித்தாள்.

"சன் கம்பேங் புவா தைத்தது. என் மகள் கல்யாணத்துக்கு."

சபை சிரிக்கவில்லை, நாகரிகமான சபை. மார்க்ரீத் ஓடிவந்து புவாவைக் கட்டிக்கொண்டார். "நான் எடுக்கலை புவா! உன்னைப் பார்த்து எனக்கு உத்வேகம் வந்துச்சு!"

"வந்ததுதான் வந்துச்சு, என் மக கல்யாணத்தையுமா சேர்த்துத் தூக்கிட்டுப் போகணும்?" என்ற புவா தலைவியிடம் திரும்பினாள். "அம்மா, அட்டையில என் பேரைப் போடச் சொல்லுங்க."

தலைவி ஆழ்ந்து யோசித்தார். "அதான் போர்வையிலேயே உன் பேரு இருக்கே. எதுக்கு ரெண்டு தடவை?"

அன்று மாலையே செயற்குழு கூடியது. பதினொரு நாடுகளும் வரலாற்றில் முதல் முறையாக ஒருமனப்பட்டன. 'சர்வதேச நட்பின் நலன் கருதி, இனி எந்தப் போர்வையின் பின்பக்கமும் சபையில் காட்டப்படமாட்டாது.' பலத்த கரகோஷம். புவாவும் கைதட்டினாள்.

அடுத்த வருஷம் ஆறு நாட்டுத் தோழியர் கேமராவும் கையுமாக அவள் வீட்டுக்கு வந்திறங்கினார்கள். புவா முகம் சுளிக்காமல் புதுப் போர்வையை நல்ல வெளிச்சத்தில் விரித்துக் கொடுத்தாள். ஓரத்தில் புதுக் 'கொடி'.

சுமாலி எட்டிப் பார்த்தாள். "அக்கா, எழுத்தெல்லாம் இடம் வலமா இருக்கே! தப்பாத் தைச்சுட்டியா?"

"தப்பு அவங்க பண்ணட்டும்டி. உத்வேகம் வந்த அவசரத்துல யாரு படத்தைத் திருப்பி வரையப் போறா? அப்படியே கவிழ்த்து இஸ்திரி போடுவாங்க. முன்பக்கத்துலயே நேரா விழும்."

"என்னன்னு விழும்?"

"'புவா வீட்டுல திருடினது'ன்னு."