சுழியரும் பெரிய எழுத்து ராணியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்டதும் சண்டைக்கு வருகிற ஒரே மனிதர் சுழியர்தான்.

மருதனார்மடத்தில் ஒரு மின்னூலகத்தின் சின்ன அலுவலகத்தில் இருக்கிறார். பழைய பத்திரிகைகளையும் பள்ளிக்கூட ஆண்டு மலர்களையும் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுகிற இடம். அங்கே ரெகெக்ஸ் என்று ஒரு தேடல் முறை உண்டு. சொல்லை மட்டுமல்ல, அது எப்படிப்பட்ட சொல் என்பதையும் குறிகளால் எழுதிக் கேட்கலாம். சுழியர் அந்தக் குறிகளிலேயே யோசிப்பார். சந்தைக்குப் போனாலும் அப்படித்தான்.

“வெண்டிக்காய். பச்சை அல்லது இளம்பச்சை. வளைவு கூடாது. முடிவிலை முறியோணும்.”

“அண்ணை, வெண்டிக்காயோ வேணும், பொம்பிளையோ பாக்கிறியள்?” என்றாள் காய்கறிக்காரி.

ஒருநாள் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு, “நீலம் அல்லது கறுப்பு” என்று முணுமுணுத்தபடி தேடினார். ஒரு காலில் நீலமும் மறுகாலில் கறுப்புமாக வந்து, “நிபந்தனைக்குச் சரிதானே?” என்று கேட்டார்.

இவருக்கு நான் நன்றி சொல்லவேண்டியவன். அதற்கு என் பிழையையும் சொல்லவேண்டும்.

நான் இங்கிலிசு படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி ராணி, “பள்ளிக்கூடத்திலை இங்கிலிசுப் பேச்சிலை எனக்குத்தான் முதற்பரிசு. பரிசுக் கிண்ணம் சண்டைக்கால இடப்பெயர்விலை துலைஞ்சுபோச்சு” என்பாள்.

“இடப்பெயர்விலை துலைஞ்சுபோச்சு எண்டால் இஞ்சை ஒண்டுக்கும் சாட்சி தேவையில்லை” என்று சிரிப்பேன். எத்தனை உண்மையான பொருட்கள் அப்படிப் போயின என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் சிரித்தேன்.

ஒரு தீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்திருந்தபோது மின்னூலகம் இணையத்தில் ஏற்றிய பள்ளிக்கூட மலர்களில் அவள் பெயரைத் தேடினேன். ஆங்கிலத்தில், முதலெழுத்துப் பெரிதாக, மற்றவை சிறிதாக, மாணவர்களுக்குப் படிப்பித்தபடியே சுத்தமாகத் தட்டினேன். வந்த ராணிகளில் ஒருத்தியும் இவளில்லை.

“தம்பி, கொம்பியூட்டரே சொல்லிப்போட்டுது. உம்மடை மாமி புளுகுறா!”

மருமகன் சிரித்தார். ராணி இடியப்பத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தக் கதையை அதற்குப் பிறகு அவள் சொல்லவேயில்லை. வேறு கதைகளும் குறைந்தன. வீட்டின் மௌனம் தாங்காமல் சுழியரிடம் போனேன்.

“ஒருக்கா நீரும் தேடிப் பாரும். இல்லைத்தான், எண்டாலும்…”

“இல்லை எண்டு சொல்லாதேங்கோ மாஸ்டர்! கிடைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. ரெண்டும் வேறை. எப்பிடித் தேடினனீங்கள்?”

சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். “பிள்ளையார் சுழி போடேல்லையோ?”

அவருக்குப் பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்த சுழி இதுதான்: அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியும் சின்ன ‘ஐ’ எழுத்தும். தேடலின் தலையில் இதைப் போட்டால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதத்தைக் கணினி பாராது.

“தமிழிலை எழுத்துக்குப் பெரிசு சின்னன் இல்லை, ஆக்களுக்குத்தான். இங்கிலிசிலை எழுத்துக்கும் கிடக்கு. நீங்கள் கேட்டமாதிரி மட்டும்தான் மெசின் பாக்கும் மாஸ்டர்.”

சுழி போட்டுத் தட்டினார். திரை நிரம்பி வழிந்தது: யுரேனியம், கெரேனியம், ஈரானியர். அவள் பெயரின் நாலு ஆங்கில எழுத்தும் அவற்றின் வயிற்றுக்குள் வரிசையாக இருந்தன.

“உதுக்குள்ளை என்ரை மனிசி எங்கை?”

“பொறுங்கோ, வேலி அடைக்கேல்லை. வேலி இல்லாத வளவுக்குள்ளை ஊர் மாடெல்லாம் வரும்தானே.”

தனிச்சொல்லாக வந்தால் மட்டும் எடு என்று பெயரின் இரு பக்கமும் ஒவ்வொரு குறி போட்டார். மாடுகள் போய்விட்டன. மிஞ்சிய பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார்.

ஒரு புகைப்படம். இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்பிள்ளை, கையில் அவளுடைய தலையளவு கிண்ணம். கீழே ஒரு வரி, முழுவதும் பெரிய எழுத்தில்: ஆங்கிலப் பேச்சு, முதற்பரிசு, ராணி. பக்கத்தில் என் மாமனாரின் பெயர்.

நான் எழும்பி யன்னல் பக்கம் போய் நின்றேன். சுழியர் தானே கிண்ணம் வென்றதுபோலக் கத்தினார். “பாத்தியளோ! என்னட்டை வந்தால் தப்புமோ!” அடக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது.

மகளையும் மருமகனையும் திரும்பவும் வரச்சொல்லி, அவர்கள் முன்னாலேயே, அச்செடுத்து வந்த அந்தப் பக்கத்தை ராணியிடம் கொடுத்தேன்.

“பிழையாய்த் தேடினது நான். சிரிச்சதும் நான்தான். மன்னிச்சுக்கொள்ளும்.”

அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். “இது உங்களுக்குத்தான் தேவை. எனக்கு எப்பவும் தெரியும்தானே.” பிறகு சொன்னாள்: “அந்த மனிசனை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கோ.”

வந்தார். ராணி தொடக்கத்திலிருந்து சொன்னாள். மேடையில் கால் நடுங்கியது, இரவல் சப்பாத்துக் கடித்தது, கைதட்டல் கேட்டதும் அடுத்த வசனம் மறந்துபோனது. நான் எப்போதும் பாதியில் மறித்த கதை அன்றைக்கு முடிவுவரை போயிற்று. மூச்சுக்கு ஒருதரம் குறுக்கே பேசும் சுழியர் வாயே திறக்கவில்லை. பிசைந்த சோறு அவர் கையிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

கதை முடிந்ததும் நான் எழும்பிப்போய் அவருடைய தட்டில் சூடாக வேறு சோறு போட்டேன்.