கிளமென்டின் கல்யாணத் தடைக்கு உபவாச ஜெபம்

சித்தூர்,
12 அக்டோபர் 2007

கர்த்தருக்குள் அன்பான மகன் கிளமென்டுக்கு, நைனா இயேசுதாசன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீ.

நீயும் மார்ட்டினும் போன மார்ச்சில் டொராண்டோ நகராட்சி மண்டபத்தில் மாலை மாற்றிக்கொண்டதைச் சபையில் எப்படிச் சொல்வது? நம் சபைத் தபிதா அக்கா தன் தங்கை மகளுக்கு உன்னைக் கேட்டபோது, அங்கே சொந்த வீடில்லாமல் கல்யாணம் கூடாது என்று சொல்லிவைத்தேன். நீ வீடு வாங்கியதை உன் அம்மா பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். சரி, லீவு கிடைக்கவில்லை என்றேன். "லீவும் இல்ல, இன்னாவும் இல்ல. புள்ளையப் பிசாசு தடுத்துக்கினு கீது" என்று தபிதா அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்று பிடித்தது வினை. வெள்ளிக்கிழமைதோறும் உன் கல்யாணத் தடை நீங்க உபவாச ஜெபம் நடக்கிறது. அல்சர்காரரான நம் பாஸ்டரும் உனக்காகப் பட்டினி கிடக்கிறார். நடந்து முடிந்த கல்யாணத்தை நடத்தித் தரும்படி எல்லோரும் அழுது மன்றாட, நான் நடுவில் முழங்காலிட்டு ஆமென் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் பஸ் போர்டில் எழுத்துதான் மாறும் என்று நினைத்திருந்தேன். அங்கே சர்க்கார் முத்திரை போட்டுக் கொடுக்கிற காரியத்துக்கு இங்கே ஜெயில் என்கிறார்கள். விமானம் எந்தக் கடலுக்கு மேலே வரும்போது என் மகன் குற்றவாளி ஆகிறான்? அங்கே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேக் கொண்டுவந்தார்களாமே, அதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. உன்னை நினைத்து இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய்.

ஆகவே கிறிஸ்துமசுக்கு வருவதானால் தனியாக வா. அவர் இல்லாமல் வரமாட்டேன் என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப்போடவில்லை. உங்கள் போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். தனியாக வர முடியாதென்றால் வரவே வேண்டாம்.

ஆண்டவர் உன்னைக் கண்மணி போலக் காப்பாராக. வீட்டில் உள்ளவர்களை விசாரித்ததாகச் சொல்லவும் என்று பழக்கத்தில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்றைய உபவாச ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் நேரத்தில் உன் அம்மா எழுந்து நின்றாள். "இன்னும் எத்தினி நாளு எம் புள்ளைக்காகப் பட்டினி கெடந்துகினு இருப்பீங்க? போய் எல்லாரும் துன்னுங்க. அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி. கட்டிக்கினவரு பேரு மார்ட்டின். ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். தபிதா அக்கா பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பாதிப் பேர் அவள் பின்னாலேயே போனார்கள். பாஸ்டர் தரையைப் பார்த்தார். சாட்சி சொன்னால் சபை ஆமென் சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. உன் அம்மா உட்காரவும் தெரியாமல் அப்படியே நின்றாள்.

நான் ஆமென் சொன்னேன். எழுந்து உன் அம்மா பக்கத்தில் நின்று மறுபடியும் சொன்னேன்.

பழம் ஊறப்போட்டாயிற்று. இரண்டு பேரும் வாருங்கள்.