இருபத்து நான்காவது பெயர்

இருபத்து மூன்று பேருக்கு நன்றி சொல்லி நாற்பது நிமிடம் ஆன பிறகுதான், இருபத்து நான்காவது ஆள் விட்டுப்போனது உர்சுலாவுக்குத் தெரிந்தது.

அப்போது அவள் பிரிக்ஃபீல்ட்சில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் நின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமை விருந்துக்கு மேசைகளை எப்படிப் போடுவது என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வட்ட மேசையா, நீட்டு மேசையா அக்கா?"

"அண்ணே, ஒரு நிமிசம்," என்று சொல்லிவிட்டு அவள் போனை மறுபடி மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். கீழிருந்து மேலேயும் பார்த்தாள். பெயர் இல்லை.

இராணுவ நிதி அலுவலர் சங்கத்தின் கிள்ளான் பள்ளத்தாக்குக் கிளைக்கு உர்சுலா செயலாளர். படையில் சம்பளம், ஓய்வூதியம், கொள்முதல் என்று ஏதாவது ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களும், உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்களுமாக அறுபது பேர். பாதிப் பேர் சீருடைக்காரர்கள், மீதிப் பேர் உர்சுலாவைப்போல அலுவலகச் சட்டைக்காரர்கள். ஆண்டு முழுதும் சங்கத்துக்கு உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல, டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு விருந்து நடக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப் குரூப்பில் நன்றிப் பட்டியல் போடுவது செயலாளரின் வேலை.

சின்ன வேலைதான். ஆனால் பட்டியலில் ஒரு வரி குறைந்தால் மூன்று நாள் தூங்காமல் தேடுகிற கூட்டம் அது. ஒரு பெயரை விட்டுவிட்டு அவர்கள் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்புவதற்கு வழியே இல்லை.

விட்டுப்போனதும் யாரோ எவரோ இல்லை. ஓய்வு பெற்ற மேஜர் கமலநாதன். போன ஆண்டுவரை சங்கத்தின் தலைவர். ஜூலையில் உர்சுலாவின் கணவன் பிராண்டனுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தபோது, அவள் மூன்று வாரம் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சங்கத்தின் ஆண்டுக் கருத்தரங்கு அந்த மாதம்தான். பேச்சாளர்களை அழைத்தது, மண்டபம் பிடித்தது, கையேடு அச்சடித்தது என்று அவளுடைய வேலை முழுவதையும் கிள்ளானிலிருந்து கமலநாதன் செய்தார். செய்துவிட்டு, கையேட்டில் 'ஏற்பாடு: உர்சுலா' என்று போட்டார். யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் அவருக்கு மற்றவர்களைப்போல ஒரு வரி போதாது என்று காலையில் நினைத்தாள். கடைசியில் தனியாக நான்கு வரி எழுதலாம் என்று ஒதுக்கி வைத்தாள். அந்த நேரம் பார்த்து பிராண்டன் மாத்திரை டப்பாவைக் காணோம் என்றான். எழுந்து போய்த் தேடிக் கொடுத்துவிட்டு வந்தாள், அந்த நான்கு வரியை மறந்து பட்டியலை அனுப்பிவிட்டாள்.

இப்போது கமலநாதனும் பதில் போட்டிருந்தார். ஒரே ஒரு சொல்.

"நோட்டட்."

இராணுவ அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு எத்தனையோ பொருள் உண்டு. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு எழுதினால் 'சரிங்க' என்று அர்த்தம். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு எழுதினால் 'உன்னை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். இது இரண்டாவது வகை என்று உர்சுலா முடிவு செய்தாள்.

அவள் அவருக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். மறுபடி ஓய்ந்தது. மூன்றாம் முறை இரண்டு தடவை அடித்ததுமே துண்டிக்கப்பட்டது. எத்தனை வேலை இருந்தாலும் போனை எடுத்து, "கமல் ஹியர்," என்று சொல்கிற மனிதர் அவர்.

பிராண்டனைக் கூப்பிட்டாள்.

"குரூப்ல எல்லார் முன்னாலயும்தானே விட்ட? குரூப்லயே சொல்லிடு லா," என்றான் பிராண்டன். "இதுக்குப் போயி ஏன் மூச்சு வாங்குற?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவள் மாடிப் படியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் தட்டினாள். அவசரம். 'விட்டுப்போச்சு' என்று எழுதினால் விட்டது தெரிந்துவிடுமே என்று யோசித்து, கொஞ்சம் கௌரவமாக எழுதினாள். 'மேஜர் கமலநாதன் நம் சங்கத்துக்குச் செய்த சேவையை நாம் என்றும் மறக்க மாட்டோம். அவர் எப்போதும் நம் நெஞ்சில் இருப்பார்.'

அனுப்பினாள். மூச்சு விட்டாள்.

"அப்ப வட்ட மேசைதானே?" என்றார் கடைக்காரர்.

"வட்டமே போடுங்கண்ணே."

போன் அதிர்ந்தது. கொள்முதல் பிரிவு புவான் ரொஹானி. மலாய்க்காரம்மா, நல்ல மனசுக்காரி. நல்லதோ கெட்டதோ, குரூப்பில் முதலில் குரல் கொடுப்பவள்.

'தக்ஸியா,' என்று மலாயில் இரங்கல் எழுதியிருந்தாள். 'எவ்வளவு நல்ல மனிதர். குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.'

உர்சுலா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தான் எழுதியதையும் படித்தாள். மண்டையில் யாரோ தட்டியதுபோல் இருந்தது.

அதற்குள் இன்னும் மூன்று தக்ஸியா வந்துவிட்டது. அதைப் பார்த்து மேலும் ஐந்து. கைகூப்பும் படங்கள், வெள்ளைப் பூக்கள். அவர் தன்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட கதையை ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். பந்திங்கிலிருந்து ஓர் உறுப்பினர் தமிழிலேயே கேட்டிருந்தார்: 'எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?'

முதல் வேலையாக அவள் தன் செய்தியை அழித்தாள். எல்லோருக்கும் அழிந்தது. அழிந்த பிறகுதான் செய்த தப்பு விளங்கியது. இப்போது குரூப்பில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரியும், அதன் கீழே பதினான்கு அனுதாபங்களும் இருந்தன. பார்க்கிறவர்களுக்கு, குடும்பத்தார் ஏதோ சொல்லிச் செயலாளர் செய்தியை மறைத்துவிட்டதுபோல் பட்டது. 'வாட் ஹேப்பண்ட்?' என்று நான்கு பேர் கேட்டார்கள். 'திடீரெனவா?' என்றார் ஒருவர்.

உர்சுலா சுற்றி வளைக்காமல் எழுதினாள்: 'மேஜர் கமலநாதன் உயிரோடு இருக்கிறார்.'

பிறகு திரையில் ஒரு சின்னச் சாம்பல் வரி வந்தது. 'கமலநாதன் குழுவிலிருந்து வெளியேறினார்.'

ரொஹானி ஓர் அழுகிற முகத்தைப் போட்டாள்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை பொருளாளர் லோகன்.

"உர்சுலா, இருக்காரா இல்லையா? ஒண்ணு சொல்லு."

"இருக்காருண்ணே. நல்லா இருக்காரு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

மறுமுனையில் லோகன் 'ச்சு' கொட்டினார்.

"என்னண்ணே?"

"இல்ல, உறுப்பினர் இறந்தா செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள மலர்வளையம் போகணும்னு நம்ம ரூல் இருக்குல்ல."

"அண்ணே."

"கிள்ளான்ல பூக்கடைக்காரன் நமக்குத் தெரிஞ்சவன். ரெடியா ஒண்ணு வச்சிருந்தான்."

"அண்ணே, நிறுத்துங்க. இப்பவே போன் பண்ணி நிறுத்துங்க."

"பண்ணிட்டுத்தான் உன்னைக் கூப்பிடுறேன். லோரி கெளம்பிடுச்சாம்."

கடைக்காரர் பின்னால் வந்து சாம்பார் இரண்டா ஒன்றா என்று கேட்டது அவள் காதில் விழவில்லை. படியிறங்கி ஓடினாள். அடுத்த கடை கேக் கடை. வெறுங்கையோடு எப்படிப் போவது? கண்ணாடிக்குள் இருந்த ஃப்ரூட் கேக் ஒன்றைக் காட்டினாள்.

"மேல என்ன எழுதணும் அக்கா?" என்றாள் கடைப்பெண்.

"தேங்க் யூன்னு எழுது. இல்ல, ஸாரின்னு எழுது. ரெண்டையும் எழுது மா."

"ரெண்டுக்கும் எடம் பத்தாது அக்கா."

எதுவும் எழுதாத கேக்கோடு அவள் காரில் ஏறினாள்.

பெடரல் ஹைவே அன்றைக்கென்று நகரவில்லை. பள்ளி விடுமுறை, மழை வேறு. முன்னால் போன ஒவ்வொரு லோரியின் பின்பக்கத்தையும் அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். எதிலாவது பூ தெரிந்தால் குறுக்கே காரை விடவும் துணிந்திருந்தாள். ஒன்றில் பூ தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கல்யாண அலங்காரம். அவள் அத்தனை ஆவேசமாக ஹாரன் அடித்ததில் ஓட்டுநர் பயந்துபோய் வழிவிட்டார்.

வழியெல்லாம் மனசு ஒரே இடத்தில் சுற்றியது. அந்த மூன்று வாரம், தினமும் சாயங்காலம் கமலநாதனிடமிருந்து ஒரு செய்தி வரும். 'இங்கே எல்லாம் சரி. நீ அங்கே பார்.' அவ்வளவுதான். அந்தச் செய்தி வந்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். அப்படிப்பட்ட மனிதருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்து, இரண்டு மணி நேரத்தில் அவரைச் சாகடித்து, சங்கத்தைவிட்டே விரட்டியாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு செயலாளராக இருப்பது? சனிக்கிழமை விருந்தோடு விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கிள்ளானில் அவர் குடியிருந்த வீடமைப்புத் தாமானுக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது, லோரி முந்திக்கொண்டது.

கமலநாதன் வீட்டு கேட்டுக்கு முன்னால், மூன்று கால் தாங்கியில், உர்சுலாவைவிட உயரமாக நின்றது மலர்வளையம். வெள்ளைச் சாமந்தி. நடுவில் ஊதா ரிப்பனில் தங்க எழுத்து: 'கண்ணீர் அஞ்சலி. செயலாளர் உர்சுலா மற்றும் உறுப்பினர்கள்.' எதிர்வீட்டுச் சீன அங்கிள் வெள்ளைச் சட்டை போட்டு, கைகட்டி, தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"வெரி சேட்," என்றார் அவளைப் பார்த்து.

"நோ, நோ அங்கிள். நாட் சேட்," என்றாள் அவள்.

அங்கிள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்று வளையத்தைத் தாங்கியோடு தூக்கினாள். காரின் பின்கதவுக்குள் அது போகவில்லை. சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது. சாமந்திப் பூக்கள் அவள் தலைமுடியெல்லாம் கொட்டின. அந்த நிலையில் அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் திரை விலகியிருந்தது. கமலநாதன். வளையத்தைக் கட்டிப்பிடித்திருந்த கையில் ஒன்றை விடுவித்து அவள் மெல்ல ஆட்டினாள்.

திரை மூடிக்கொண்டது.

சற்று நேரத்தில் கேட் திறந்தது. வந்தது அவருடைய மனைவி மாதவி.

"உர்சுலாவா? மழையில நிக்கிறியே மா."

"ஆன்டி, இதை நான் அனுப்பல."

மாதவி ரிப்பனைப் படித்தார். "உன் பேரு போட்டிருக்கே."

"பேரு என்னுதுதான். அனுப்பினது லோகன் அண்ணன். ஆனா தப்பு என் மேலதான். சார் ரொம்பக் கோவமா இருக்காரா?"

"கோவமா?" மாதவி மாடியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காலையிலேருந்து பசியாறக்கூட இல்ல. உன் போன் வந்தா எடுத்து என் கையில குடுக்கிறாரு. நீயே பேசு, நீயே பேசுன்னு. நான் மாட்டேன்னுட்டேன்."

உர்சுலாவுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கேயே உடைந்தது. மழையில், பாதி காருக்குள் கிடந்த மலர்வளையத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னாள். நான்கு வரி ஒதுக்கி வைத்தது, மாத்திரை டப்பா, நெஞ்சில் இருப்பார் என்று எழுதியது, ரொஹானி, லோகன், லோரி எல்லாம். கடைசியில் கேக் பெட்டியை நீட்டினாள்.

"சாருக்குத்தான் ஆன்டி நான் மொதல்ல நன்றி சொல்லியிருக்கணும். வேணும்னு செய்யல. சாமி சத்தியமா வேணும்னு செய்யல."

மாதவி பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு அவள் தலையிலிருந்து ஒரு சாமந்தி இதழை எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"அப்ப, போன வருசம் விருந்துல தலைவரா நின்னு எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு உன் பேர மட்டும் அவரு விட்டுட்டாரே, அதுக்கு நீ பழி வாங்கலையா?"