யாரென்று கேட்காத கூட்டம்

இனி வீட்டையும் ஆபீஸ் முறைப்படிதான் நடத்துவது என்று டீம் லீடர் முடிவு கட்டினார். குடும்பத்தை முன்னேற்றும் நல்லெண்ணம் என்று யாராவது நினைத்தால் ஏமாந்து போவார்கள். முந்தைய நாள் காரைப் பின்னால் எடுக்கும்போது கேட்டில் உரசி, இடது பக்கக் கதவு முழுக்க ஒரு கோடு இழுத்துவிட்டார். கார் அவருடையதல்ல. மனைவி, அதாவது கணக்கு டீச்சரம்மா, சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. அதைத் துடைக்கக்கூட அவர் இவரை நம்பியதில்லை.

கோடு விழுந்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியாயிற்று. ஆனால் எத்தனை நாளைக்கு? பல் தேய்க்கும்போதுதான் வழி பிறந்தது. அவருடைய சாஃப்ட்வேர் ஆபீஸில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மொத்தக் குழுவும் உட்கார்ந்து, எது ஒழுங்காக நடந்தது, எது சொதப்பியது என்று மனம் விட்டுப் பேசும். ரெட்ரோ என்று பெயர். அங்கே யாரையும் குற்றம் சொல்லக்கூடாது. போன மாதம் ஒருத்தர் மொத்த சர்வரையும் படுக்க வைத்துவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார்.

டீச்சரம்மாவைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தார்.

"மூணே விதி. யாரு செஞ்சாங்கன்னு கேக்கக்கூடாது. குரலை உயர்த்தக்கூடாது. அடுத்து என்ன பண்ணலாம்னு மட்டும்தான் பேசணும்."

"நீங்களும் கட்டுப்படுவீங்களா?"

"நானா? இதுக்கு ஊருக்கே பயிற்சி குடுக்கிறவன் நான்!"

"சரி, ஆரம்பிங்க."

டீம் லீடர் தொண்டையைச் செருமினார். "கார்ல... இடது பக்கம்... ஒரு கீறல் விழுந்திருக்கு."

டீச்சரம்மாவின் புருவம் மேலே போனது. இவர் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். புருவம் மெல்லக் கீழே இறங்கியது.

"சரி. அடுத்து என்ன?"

"பெயின்ட் அடிச்சிடலாம்."

"அடிச்சிடலாம். அவ்வளவுதானே?"

அவ்வளவேதான்! கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவ்வளவு மலிவாக அவர் தப்பித்ததே இல்லை. சந்தோஷத்தில் கால் தானாகத் தாளம் போட்டது.

"இப்ப உன் முறை. பயப்படாம சொல்லு" என்றார் பெருந்தன்மையாக.

"வீட்ல நீங்க ஆபீஸ் வேலை பாக்கற ரூமை எங்க அண்ணனுக்குக் குடுத்தாச்சு. மத்தியானம் வர்றாரு."

"என்னது! யாரு குடுத்தது?"

"யாருன்னு கேக்கக்கூடாது."

குரலைப் பிடித்து இழுத்துக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளைக்கு?"

"அவரு வீட்டைக் கட்டி முடிக்கிற வரைக்கும்."

"எதுவரைக்கும் கட்டியிருக்காரு?"

"இடம் பார்த்துட்டிருக்காரு."

அந்த மச்சான் சாக்ஸபோன் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக ஒரே பாட்டு. அதிலும் பாதிதான் வந்திருந்தது.

"முடியற தேதியாவது சொல்லும்மா!"

"தேதி கேட்டா வேலை கெட்டுடும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் வளரணும்னு உங்க மேனேஜர்கிட்ட போன்ல கத்துவீங்களே. அதேதான்."

"அப்ப நான் எங்க உக்காந்து வேலை பாக்கறது?"

"பார்த்தீங்களா, இதுதான் நல்ல கேள்வி. உங்க மேசை துணி காயப்போடற பால்கனிக்குப் போயிடுச்சு."

எட்டிப் பார்த்தார். போயிருந்தது. இவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வேலை நடந்திருக்கிறது. கொடியில் தொங்கிய ஈரத் துண்டு கீபோர்டின் மேல் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்படிச் சொல்றதுன்னு நானே தவிச்சுக்கிட்டிருந்தேங்க. நல்லவேளை, நீங்களே கூட்டம் போட்டீங்க" என்றார் டீச்சரம்மா, உண்மையான நன்றியோடு. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

"இந்தக் கூட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! கலைச்சாச்சு!" என்று எழுந்து நின்றார்.

டீச்சரம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"கலைச்சாச்சா? அப்ப விதியும் போச்சு. இப்ப சொல்லுங்க, கார்ல கோடு போட்டது யாரு?"

டீம் லீடர் உட்கார்ந்தார்.

"மச்சானுக்குத் தலையணை ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?"