ஃபோம் அக்கா நடத்திய பெற்றோர் கூட்டம்

கண்டி மாநகரத்தில் தன் தொழிலுக்குத் தானே வகுப்பெடுத்து முடிவு கட்டிய ஒரே ஆள் ஃபோம் அக்காதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன்.

மாவட்டச் செயலகமான கச்சேரியின் மதிலோரம் ஒரு மடக்கு மேசை, இரண்டு கதிரை, படிவங்கள் பறக்காமலிருக்க ஒரு கருங்கல். அதுதான் அவருடைய அலுவலகம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, எதற்கான படிவத்தை நீட்டினாலும் நிரப்பித் தருவார். தெல்தோட்டையிலிருந்தும் மடுல்கெல்லையிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி வரிசையில் நிற்பார்கள். படிவத்தை அவர்கள் ஃபோம் என்பார்கள், அதனால் அவர் ஃபோம் அக்கா. நிஜப் பெயர் அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரியாது.

அவருக்கு ஒரே ஒரு வியாதி. படிவத்தில் ஒரு கோடு வெறுமையாக இருந்தால் மூச்சு முட்டும். ‘வேறு விபரங்கள்’ என்று கேட்டிருந்தால் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். அக்கா, ‘வேறு விபரங்கள் தற்போது இல்லை. கிடைத்ததும் அறியத் தருவோம்’ என்று எழுதுவார்.

ஒருநாள் ஒரே அம்மாவுக்கு ஒரே படிவத்தை மூன்றாம் தடவை எழுத வேண்டி வந்தபோது அவருடைய பொறுமை போய்விட்டது.

“இந்தாங்க, ஒங்க பேரு மொத்தமே அஞ்சு எழுத்து. ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் கொழுந்து பறிக்கிறீங்க! இந்த அஞ்சு எழுத்து ஒங்களுக்கு வராதா? ஞாயித்துக்கெழம வாங்க, பார்த்துக்கிறேன்.”

அப்படித்தான் சனசமூக நிலையத்தில் ஞாயிறு வகுப்பு தொடங்கியது. அங்கே அ, ஆ கிடையாது. முதல் பாடம் சொந்தப் பெயர். இரண்டாவது விலாசம். மூன்றாவது ‘பொருத்தமற்றதை வெட்டிவிடுக’. அந்த வாரமே செல்லம்மா என்ற மாணவி, ‘கணவரின் பெயர்’ என்ற வரியை அழுத்தி வெட்டிவிட்டார்.

“என்ன செல்லம்மா, அவரு நல்லாத்தானே இருக்காரு?”

“நல்லாத்தான் இருக்காருங்க. பொருத்தந்தான் இல்ல.”

சில வருடங்களில் மதிலோர வரிசை காணாமல் போனது. பழைய வாடிக்கையாளர்கள் தாங்களே நிரப்பிய படிவத்தை மேசைக்கு நேரே ஆட்டிக் காட்டிக்கொண்டு கச்சேரிக்குள் போனார்கள். அக்கா வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். வகுப்பை மட்டும் விடவில்லை.

இந்த இடத்தில் வில்லனாக நான் நுழைகிறேன். கல்வி அலுவலகம் ஒன்றில் முறைசாராக் கல்விப் பிரிவு என் மேசை. ஒரு சுற்றுநிருபம் வந்தது. எல்லா மாகாணங்களிலும் வளர்ந்தோருக்குக் கற்பிப்பவர்களுக்கு ஒரே விதமான பயிற்சி, பதிவு, அடையாள அட்டை. அட்டை இல்லாதவர் பொதுக் கட்டடத்தில் வகுப்பு நடத்த முடியாது. அக்காவின் வகுப்பு நடப்பது பொதுக் கட்டடம்.

ஐந்து நாள் பயிற்சிக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும்கூட ஆட்கள் கண்டிக்கு வந்தார்கள். பதிவுப் படிவத்திலேயே அக்கா மாட்டிக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் ‘ஆசிரியர், ஆசிரிய உதவியாளர், ஏனையோர்’ என்று மூன்று பெட்டிகள்.

“ஏனையோர்ல ஒரு கோடு போடுங்க அக்கா” என்றேன்.

“ஏனையோர்னு ஒரு தொழில் எங்க சேர் இருக்கு? நான் காலையில எழும்பி ஏனையோர் வேலைக்கா போறேன்?”

நான்காவதாகத் தானே ஒரு பெட்டி வரைந்து, ‘வளர்ந்தவர்களுக்குப் படிப்பிக்கிறவள்’ என்று எழுதிக் கோடு போட்டார். பின்னால் நின்ற பதினேழு பேரும் தங்கள் படிவங்களில் அதே பெட்டியை வரைந்தார்கள். அத்தனையையும் கணினியில் ஏற்ற முடியாமல் திண்டாடியவன் நான்.

பயிற்சியை நடத்த வளவாளராக வந்தவர் பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பழகிய மனிதர். எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, முயல் மாதிரித் துள்ளிக் கைதட்டிப் பாடச் சொன்னார். அக்கா கையை உயர்த்தினார்.

“சேர், எங்கிட்ட படிக்கிறவருக்கு அறுபத்திமூணு வயசு. மொழங்கால் வலி. அவர துள்ளச் சொன்னா அடுத்த கெழம வருவாரா?”

யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் எழுந்தார். “ஓம் சேர், அவ கேக்கிறது நியாயந்தானே. எனக்கே ஏலாது.”

மிச்ச நாட்களில் வளவாளர் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் ஊரில் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

கடைசிக் கண்டம் வகுப்பறைப் பரிசோதனை. அதற்கென்று எங்களிடம் படிவம் இல்லை. நான் என்ன செய்தேன், சிறுவர் பாடசாலைப் படிவத்தை எடுத்து, ‘சிறுவர்’ என்ற சொல்லையெல்லாம் ‘வளர்ந்தோர்’ ஆக்கி, வாசித்தும் பார்க்காமல் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

குறித்த ஞாயிறு காலை எங்கள் பணிப்பாளர் மிஸ்ஸோடு போய் இறங்கினேன். சிரித்தே பழக்கமில்லாத அம்மா அவர். வாசலில் கடைத் தராசு. ஆட்கள் ஏறி இறங்கினார்கள். உள்ளே எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தார்கள். மாநகரசபையில் வேலை செய்யும் முருகையா கையை நீட்ட, அக்கா நகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்: ‘சுத்தம் போதாது. காரணம்: உழைப்பு.’

மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மாணவர்களின் பெற்றோர் பெரும்பாலும் காலமாகிவிட்டதால், அக்கா அவர்களுடைய பிள்ளைகளை அழைத்திருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய மகன்மார் கதிரையில். தாய் தகப்பன்மார் தேர்ச்சி அறிக்கையோடு பக்கத்தில் நின்றார்கள். பல்லேகலயில் தையல் தொழிற்சாலைக்குப் போகும் செல்லம்மாவின் மகள் பொரிந்து தள்ளினாள்.

“வீட்டுவேல ஒண்ணுமே செய்யலயாமே அம்மா? நாடகம் பாக்க மட்டும் நேரம் இருக்கா?”

“நீ எட்டாம் வகுப்புல...”

“இப்ப ஒங்க மார்க்கப் பத்தித்தான் பேசுறோம்!”

மண்டபம் குலுங்கியது. மிஸ்ஸின் முகம் மட்டும் அசையவில்லை. “இது என்ன, எங்களக் கேலி செய்றீங்களா?” என்றார்.

அக்கா பதறவே இல்லை. படிவத்தை நீட்டினார்.

“கேலி இல்ல மிஸ். நகம், நிறை, சீருடை, பெற்றோர் கூட்டம், எல்லாம் நீங்க கேட்டதுதான். ஒரு கோட்ட வெறுமையா விட்டாலும் நிராகரிக்கப்படும்னு அடியில போட்டிருக்கு. இவங்க எழுதப் படிச்சது இங்க. இத இழுத்து மூடிட்டா இவங்களுக்குப் போக வேற எடமில்ல. நான் எப்படி விடுவேன்?”

மிஸ் படிவத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஓய்வூதியம் வரைக்கும் மறக்கமாட்டேன். முருகையாவின் அறிக்கையை வாங்கினார். பெற்றோர் கையொப்பமிடும் இடத்தில் அவருடைய மகனின் கையெழுத்து. அதன் கீழே நடுங்கிய எழுத்தில் முருகையாவே எழுதியிருந்தார்: ‘மகன் வந்தார். சந்தோசம்.’

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் புள்ள சொல்றது சரி செல்லம்மா. நாடகத்த கொஞ்சம் கொறைங்க” என்றார். அப்போதுதான் அவருக்குப் பல்வரிசை உண்டென்று தெரிந்தது.

புதிய படிவத்தை எழுத அக்காவையும் யாழ்ப்பாணத்து மாஸ்டரையும் மட்டக்களப்பு ஆசிரியை ஒருவரையும் அழைத்தோம். ஒரு சொல்லுக்கு மூன்று ஊரும் அரை நாள் சண்டை பிடித்தன. கடைசியில் தொழில் என்ற இடத்தில் ‘வளர்ந்தோர் கல்வியாளர்’ என்று முதல் பெட்டியே வந்துவிட்டது. ஏனையோர் ஒழிந்தது. அட்டையும் வந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பேர்ல ஒரு புள்ளி கொறையுது சேர். திருத்தத்துக்கு எந்த ஃபோம்?”

திருத்திய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இப்போது இடியப்பம் கொடுக்கவும் போகிறார்.

போன மாதம் என் பதவி உயர்வுக்கு ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு ஞாயிறு வகுப்புக்குப் போனேன்.

“நீங்களே எழுதுங்க தம்பி” என்று பேனையைக் கையில் தந்து பக்கத்தில் உட்கார்ந்தார் அக்கா.

பத்து நிமிட வேலை. எழுத வராதவன்போலத் தடவித் தடவி, வகுப்பு முடியும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.